சுரைக்காய்க்குப் போட்ட துண்டு

கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது அந்த நர்ஸ் பிள்ளை. தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கி, மேல பாருங்கம்மா, இன்னும் மேல, என்று ரெண்டு கண்ணிலும் சொட்டு விட்டது. முதல் சொட்டு மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி எரிந்தது. அடுத்த சொட்டில் எரிச்சல் இல்லை. அதற்கடுத்ததில் கண் என்று ஒன்று இருக்கிற நினைப்பே இல்லை. இமை என்னுடையது, அதற்குப் பின்னால் இருப்பது வேறு யாருடையதோ. கண்ணுப் பாப்பா நல்லா விரியணும், அப்பந்தான் டாக்டரு புரையைப் பாக்க முடியும், போனு கீனு நோண்டக் கூடாது, என்ன, என்றது. சரி தாயி என்றேன். அதிலிருந்து இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் ஒரு பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே காற்றாடி ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகுகிறது. மைக்கில் பேர் கூப்பிடுகிறார்கள், ஆவுடையம்மாள், ஆவுடையம்மாள், நாலாம் நம்பர் ரூம். யாரோ புளியோதரைப் பொட்டலத்தை மடியில் வைத்திருக்கிறார்கள், பெருங்காய வாசம் வருகிறது. இடது பக்கம் வளையல் சத்தம். அது ஜெமீலா. மேலப்பாளையத்துப் பிள்ளை, வீட்டில் வைத்து நைட்டி யாவாரம் பார்க்கிறதாம், சொட்டு விடுவதற்கு முன்னால் எனக்கு ரெண்டு டிசைன் காட்டி விலையும் சொல்லிவிட்டது. வலது பக்கம் ஒரு அம்மா இருக்கிறாள், மூச்சு மட்டும் கேட்கிறது, இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் வெளியே இருக்கிறார். கூட வந்தவர்கள் உள்ளே வரக் கூடாதாம். பையும் என் கண்ணாடியும் அவரிடம். டீ குடிச்சிட்டு வாரேன் புஷ்பம் என்று போனார், டீக்கடையில் யாராவது பழைய ஆள் சிக்கியிருப்பான், இனி உலகத்து நியாயம் எல்லாம் பேசி முடித்துத்தான் வருவார். போன் அடித்தாலும் எடுக்க மாட்டார், காது மந்தம்.

மடியில் போன் துடிக்கிறது. நின்று, மறுபடியும் துடிக்கிறது. சேலைக்கு மேலே ஒரு தவளையைப் பிடித்து வைத்த மாதிரி இருக்கிறது. "என்ன லாத்தா, ஒங்க போனுக்குக் குளிரு காய்ச்சலா, நிக்காம நடுங்குது" என்கிறது ஜெமீலா. அவர்கள் பக்கம் அக்காவுக்கு லாத்தா. காய் வந்துக்கிட்டு இருக்கும் தாயி என்றேன். காயா என்றது. என்னத்தைச் சொல்ல. மாடித்தோட்டத் தோழிகள் என்று பேஸ்புக்கில் எங்களுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. மாடியில் நாலு தொட்டியும் ரெண்டு சிமெண்ட் சாக்கும் வைத்திருக்கிற பொம்பளைகள். ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எந்தெந்த ஊரிலோ. ஒருத்தி விதை எடுத்தால் இன்னொருத்திக்குக் கூரியரில் போடுவாள். அதில் சேலத்துப் பிள்ளை ஹேமலதா, முந்தாநாள் தன் மாடியில் நின்று, முழ நீளச் சுரைக்காய் ஒன்றைக் கைப்பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு படம் போட்டது. நைட்டியில் இருந்தது. காலையில் செடிக்குத் தண்ணி ஊற்றுகிறவள் பட்டுச்சேலையா கட்டுவாள். எவனோ அந்தப் படத்தை எடுத்து வெளியே போட்டுவிட்டான். அவ்வளவுதான், ஆம்பிளைகள் வந்து இறங்கிவிட்டார்கள். துண்டு எங்கே, மேலே துண்டு போடாமல் என்ன படம், சுரைக்காய் எது என்று தெரியவில்லையே, இப்படி. இன்னும் மோசமாக. நைட்டிக்கு மேலே துண்டு போடவில்லை என்று ஊர்பேர் தெரியாதவன் எல்லாம் அவளைக் கேள்வி கேட்டான்.

எங்கள் கூட்டத்துக்குப் பெரியவள் சுகிர்தா டீச்சர். அவள் குரலில் பேசி அனுப்பினாள். "பிள்ளைகளா, ஒருத்தரும் பதில் எழுதாதீங்க. சண்டைக்குப் போகாதீங்க. படிக்கக்கூடச் செய்யாதீங்க, படிச்சா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. காயை எடுங்க, அது மேல ஒரு துண்டைப் போடுங்க, படம் எடுத்து அவ படத்துக்கு அடியில போட்டுட்டே இருங்க. புதுசு வர வர அவனுக எழுதினது கீழ போயிரும். படிக்காதீங்க, போடுங்க." அப்புறம் பார்க்கணுமே. கத்திரிக்காய்க்குக் கைக்குட்டை போட்டாள் ஒருத்தி. முருங்கைக்காயை நிற்க வைத்துச் சேலைக் கிழிசலைச் சுற்றிவிட்டாள் ஒருத்தி. நான் என் சுரைக்காய்க்கு இவருடைய தேங்காய்ப்பூத் துண்டை எடுத்துத் தோளில் போடுகிற மாதிரியே போட்டு, நாற்காலியில் உட்கார்த்தி எடுத்தேன். குளித்துவிட்டு வந்தவர், என் துண்ட எங்கட்டி என்று ஈரத்தோடு நிற்கிறார். சுரைக்காய் கட்டியிருக்கு என்றேன். நேற்று முழுக்கச் சிரிப்புத்தான். சிரித்துக்கொண்டே போட்டோம். போட்டுக்கொண்டே இருந்தோம். ஜெமீலாவிடம் இதைச் சொன்னேன். அது கண்ணை மூடிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது, "அந்தச் சேலத்துப் பிள்ள போட்டிருந்தது கழுத்துல பொத்தான் வச்சதா லாத்தா, அப்பம் அது நம்ம அயிட்டமாத்தான் இருக்கும்" என்றது.

ஆனால் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. நேற்று சாயங்காலத்துக்கு மேலே சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை, கை மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வேகமாக வாசிக்கிறவளுக்குக் கெட்ட வார்த்தை ஒரு அறை மாதிரி, விழுந்ததும் முடிந்தது. எனக்கு அப்படி இல்லை. ஒரு எழுத்து, அடுத்த எழுத்து, அதற்கு ஒரு கொம்பு, என்று நானே என் வாயால் அதைக் கட்டி முடித்த பிறகுதான் அது என்ன என்று தெரியும். அவன் எழுதினதை நான் சொல்லிப் பார்த்த மாதிரி ஆகிவிடும். மூன்று நாலு வாசித்தேன் அப்படி. அதற்கப்புறம் டீச்சர் சொன்னது சரிதான் என்று எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். எழுத்து எல்லாம் எறும்பு. எறும்பு வரிசையாகப் போகிறது, அதற்கு மேலே ஒரு காயை வை. நம்ம பொம்பளைகளுடைய பேர் பக்கத்தில் சின்ன வட்டத்தில் படம் இருக்கும், பூ, பிள்ளை, பிள்ளையார். அந்த வட்டம் தெரிந்தால் ஒரு ஹார்ட்டை அழுத்து. இல்லையா, தள்ளு. வட்டம், ஹார்ட்டு, காய். இன்றைக்குக் காலையில் பஸ்ஸிலும் அதுதான் வேலை. இவர் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். வண்ணார்பேட்டைப் பாலம் தாண்டுகிறபோது, மஞ்சப்பூ.

மஞ்சப்பூ ஒன்று வந்தது. வட்டத்துக்குள் மஞ்சப்பூ, பக்கத்தில் அக்கா என்று ஆரம்பித்து ஒரு வரி. அக்கா என்கிற எழுத்து மட்டும் எனக்குக் கூட்ட வேண்டாம், பார்த்தாலே தெரியும். அக்கா என்றால் நம்ம ஆள். ஹார்ட்டை அழுத்தினேன். சுரைக்காயை வைத்தேன். பஸ் பிரேக் போட்டது, இவர் தலை கம்பியில் முட்டியது, கண்டக்டரைத் திட்டினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இப்போது இந்த மூடின கண்ணுக்குள் அந்த வரி நிற்கிறது. முழுசாக இல்லை. அக்கா, அப்புறம் நீளமாக ஒன்று, அப்புறம் கதவு. கதவு என்று ஒரு சொல் இருந்ததா. காய்கறிக்கும் கதவுக்கும் என்ன. துண்டு பற்றி எழுதினால் கதவு எதுக்கு. நான் வாசிக்கவில்லையே, வாசிக்காமல் எப்படி அது உள்ளே போனது. பார்த்ததை எல்லாம் கண் வாங்கிக்கொள்ளும் போல, நமக்குச் சொல்லாமல். கதவு இருந்தது. க, த, வு. அதில் சந்தேகம் இல்லை. அதற்கு முன்னால் இல்லை, பின்னால்தான், பூ என்று ஆரம்பித்து ஒன்று. பஞ்சை இமை மேலே வைத்து அழுத்துகிறேன். குளிர்ச்சி இருக்கிறது, வலி இல்லை.

மஞ்சப்பூ யாருக்கு. பூசணிப்பூ வைத்திருக்கிறவள் கரூர்க்காரி, அவள் அக்கா என்று எழுத மாட்டாள், அவளுக்கு என்னைவிட வயசு கூட. செவ்வந்தி வைத்திருக்கிறவள் சிங்கப்பூரில் இருக்கிறாள். பீர்க்கம்பூ. பீர்க்கம்பூவின் மஞ்சள் வேறு, அது வெளுத்த மஞ்சள், சாயங்காலம் விரிகிற மஞ்சள். பஸ்ஸில் பார்த்தது அந்த மஞ்சள்தான். அது கோகிலவாணி. நான் அவளைப் பேர் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை, என் போனில் எல்லாரும் காய்தான், அவள் பீர்க்கங்காய். ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒருதரம் போன் போட்டாள். பூ நிக்காம உதிருதுக்கா என்றாள். மெதுவாகப் பேசினாள், பக்கத்தில் பிள்ளை தூங்குகிறதோ என்று நினைத்தேன். பின்னாலே டக்கடக் டக்கடக் என்று தறிச் சத்தம், தூரத்தில். ஆண்பூ எது, பெண்பூ எது, எப்படித் தொட்டு வைக்கணும் என்று சொன்னேன். சிரித்தாள். ஒரே ஒருதரம். சரி, எங்கிட்ட நல்ல விதை இருக்கு, விலாசம் சொல்லு தாயி, போடுதேன் என்றேன். "அய்யோ வேண்டாம்க்கா. அவுகளுக்குப் பார்சல் வந்தா புடிக்காது. யாரு அனுப்புனா, ஒனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாக. நான் இங்க படத்துல பாத்துக்கிடுதேன்." அந்தப் படத்துல பாத்துக்கிடுதேன் என்பது எனக்கு அப்போதே எங்கோ இடித்தது. அப்புறம் குக்கர் விசில் அடித்தது, மறந்துவிட்டேன்.

எனக்கும் இந்தக் கூட்டம் படத்தில் வந்ததுதான். முதல்முதலாக ஒரு மிளகாய்ப் படம் போட்டேன். ஊர் பேர் தெரியாத ஒருத்தி கீழே எழுதினாள். எழுத்துக் கூட்டினேன். அ, ரு, மை. அருமை அக்கா. அந்த வீட்டில் நான் வைத்த குழம்பை, துவைத்த துணியை, பெற்ற பிள்ளையை யாரும் அருமை என்று சொன்னது கிடையாது. உப்பு பத்தலை என்பார்கள், பத்தியிருந்தால் பேச மாட்டார்கள். அன்றைக்கு அடுப்படியில் நின்று அந்த ஒரு சொல்லை எத்தனை தரம் கூட்டினேன். கர்ப்பப்பை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என் செடிக்கெல்லாம் யார் தண்ணி ஊற்றுகிறார்கள் என்று கேட்டது இவர்கள்தான். நான் வந்தப்புறம்தான் இவருக்கு மாடியில் செடி இருந்ததே ஞாபகம் வந்தது. அப்படிப்பட்ட கூட்டத்தில், ஒருத்தி அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் ஹார்ட்டைக் கொடுத்துவிட்டு அவள் தலைமேல் சுரைக்காயை வைத்திருக்கிறேன். பூட்டு. அந்தச் சொல் பூட்டு. கதவு, பூட்டு. அதற்கு நடுவில் வெளிய. அக்கா கதவ வெளிய பூட்டி. அதற்குமேல் வரவில்லை. சுரைக்காய் வந்துவிடுகிறது.

பயம் வரவேண்டும். நெஞ்சு அடிக்கவேண்டும். காத்திருக்கிறேன், வரவில்லை. சொட்டு மருந்து தொண்டை வழியாக இறங்கிவிட்டதோ, நாக்கில் ஒரு கசப்பு இருக்கிறது, அதுக்குக் கீழே எல்லாம் மரத்த மாதிரி இருக்கிறது. கால் மட்டும் ஆடுகிறது. அதுவும் என் கால் மாதிரி இல்லை. கண்ணைத் திறந்தேன். வெள்ளை. பால் காய்ச்சுகிற சட்டிக்குள்ளே தலையை விட்ட மாதிரி. போனைப் பக்கத்தில் கொண்டுவந்தேன், தூரத்தில் வைத்தேன். வெள்ளையில் ஒரு வெளிச்சம், அதில் நிறமும் இல்லை எழுத்தும் இல்லை. "ஜெமீலா, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு தாயி, அவசரம்" என்றேன். "நல்லா கேட்டிய போங்க. எனக்கு மூணு தரம் ஊத்திட்டாக. என் விரலே எனக்குப் பத்தாத் தெரியுது" என்றது. முன்வரிசையில் யாராவது வாசிப்பியளா என்று சத்தமாகக் கேட்டேன். எல்லாரும் சொட்டு விட்டவர்கள். வரிசை வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு பொம்பளைகள். ஒருத்தி, "இங்க கண்ணு தெரிஞ்சா நாங்க ஏம்மா வாறோம்" என்றாள், நாலு பேர் சிரித்தார்கள். நர்ஸ் பிள்ளையின் செருப்புச் சத்தம் வந்தது, கையைப் பிடித்தேன். தாயி, ஒரு பிள்ளைய வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிருக்கான், இதுல எழுதியிருக்கு, பாத்துச் சொல்லு. போனை வாங்கிப் பார்த்தது. "எதும்மா? பூரா பூசணிக்காயும் கத்திரிக்காயும்லா வந்துட்டே இருக்கு. துண்டு போட்டு வச்சிருக்கு. சீரியல் கதையா? கண்ண மூடுங்கம்மா, மருந்து வீணாயிரும்" என்று கையில் திணித்துவிட்டுப் போய்விட்டது. அது மேல் குற்றம் சொல்ல முடியாது. அங்கே இருந்தது காய்தானே.

ஜெமீலா சிரிப்பை நிறுத்தியிருந்தது. "நெசமாவா லாத்தா?" நெசமாத்தான் இருக்கும்னு தோணுது என்றேன். "வீடு எங்க?" தெரியாது. விலாசம் குடுக்கல. "அப்பம் போலீசுக்குப் போனா எந்த வீட்டச் சொல்லுவிய? போனு போட்டுப் பாருங்க." போட்டால் அவன் எடுத்தால் என்று யோசித்தேன். யோசிக்கிறேனா, சும்மா இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. என் போன் வாயால் சொன்னாலே கூப்பிடும், மக அப்படி வைத்துக் கொடுத்திருக்கிறாள். பீர்க்கங்காய்க்குப் போன் போடு என்றேன். பின்வரிசையில் ஒருத்தி, "கிலோ என்ன வெலைன்னு எனக்கும் கேளுங்கக்கா" என்றாள். ஸ்பீக்கரில் மணி அடித்தது. எடுத்தார்கள். டக்கடக் டக்கடக் டக்கடக். தறிச் சத்தம் இப்போது தூரத்தில் இல்லை, காதுக்குள்ளே அடிக்கிறது. "யாரு?" ஆம்பிளை. நாக்கும் கண்ணோடு சேர்ந்து மரத்துவிட்டது. "யாருன்னு கேக்கேன்லா. யார்ட்டி அது?"

என் கையில் இருந்த போன் இல்லை. ஜெமீலா பிடுங்கிவிட்டது. குரலே மாறிப்போனது, மூக்கால் பேசுகிறது, ரொம்பச் சலித்த குரல். "சார் வணக்கம், கூரியர் ஆபீஸ்ல இருந்து பேசுறோம். கவர் ஒண்ணு வந்திருக்கு சார். தண்ணி பட்டு அட்ரஸ் அழிஞ்சிருக்கு, இந்த நம்பர் மட்டுந்தான் தெரியுது." "இது வீட்டுப் பொம்பள நம்பரு. அவளுக்கு எவன் கவர் அனுப்புறது?" "ஆம்பிள பேருதான் சார் போட்டிருக்கு, கடைசி எழுத்து மட்டும் தெரியுது. உள்ள கார்டு மாதிரி கனமா இருக்கு. பேங்கு கவரு சார்." அவன் சத்தம் இறங்கியது. "பேங்கா? அப்பம் இங்க தறிக்குடோனுக்குக் கொண்டு வா." "வீட்டு அட்ரஸ்லதான் சார் குடுக்கணும். இல்லன்னா இன்னைக்கே திருப்பி அனுப்பிருவோம், பொறவு நீங்கதான் பேங்குக்கு நடக்கணும். எங்களுக்கு என்ன." கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான், எங்களுக்கு இல்லை, பேங்குக்கு. "எழுதிக்க." "சொல்லுங்க சார், எழுதுதேன்" என்றது ஜெமீலா, கண் தெரியாமல், கையில் பேனா இல்லாமல். அவன் சொன்ன ஒவ்வொன்றையும் இது திருப்பிச் சத்தமாகச் சொன்னது. கதவு நம்பர் பதினேழுல நாலு. நெசவாளர் காலனி, மூணாம் தெரு. சங்கரன்கோவில். "அடையாளம் சொல்லுங்க சார்." "ரேசன் கடைக்கு எதுத்தாப்ல, மாடி. கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போகச் சொல்லு. வீட்ல ஆளு இல்ல." "வீட்டம்மா இருப்பாகள்ல சார், கையெழுத்து போட?" "ஆளு இல்லங்கேன்ல. அவ ஊருக்குப் போயிருக்கா." வைத்துவிட்டான்.

ஊருக்குப் போகிறவள் போனைப் புருசனிடம் கொடுத்துவிட்டா போவாள். "யாராச்சும் எழுதுங்க, எனக்கு மறந்துரும்" என்றது ஜெமீலா, தன் குரலுக்குத் திரும்பிவந்து. எழுத ஆள் இல்லை. அப்போதுதான் வலது பக்கத்து அம்மா வாய் திறந்தாள். "பதினேழுல நாலு. அத நான் வச்சிருக்கேன்." கோயில் பூசாரி மாதிரி ஒரு குரல், அவ்வளவு நேரம் அந்தக் குரலை எங்கே வைத்திருந்தாளோ. "சரி, காலனியும் தெருவும் எனக்கு" என்றது ஜெமீலா. ரேசன் கடைக்கு எதுத்தாப்ல மாடி என்பதை நான் எடுத்துக்கொண்டேன். பின்வரிசைக்காரி, கிலோ என்ன விலை என்று கேட்டவள், "சங்கரன்கோவில் எனக்கு" என்றாள். அது எல்லாருக்குந்தான் தெரியுமே என்று ஜெமீலா சொன்னதற்கு, "இருக்கட்டும், எனக்கும் ஒண்ணு வேணும்லா" என்றாள்.

மாடித்தோட்டத்தைத் திற என்று போனிடம் சொன்னேன். கூட்டத்துக்குக் குரல் அனுப்புகிற இடம் கீழே வலது மூலை, அது கட்டைவிரலுக்கே தெரியும். அழுத்திப் பிடித்தேன். "தோழிகளே, நான் பாளையங்கோட்ட புஷ்பம் பேசுதேன். காய் போடுறத நிறுத்துங்க. காலையில பீர்க்கம்பூப் படம் வச்ச பிள்ள ஒண்ணு, ஹேமலதா படத்துக்கு அடியில என்னமோ எழுதியிருக்கு. கதவப் பூட்டிட்டாகன்னு எழுதின மாதிரி இருக்கு. நாம அதுக்கு மேலயே காயப் போட்டுட்டோம். நானும் போட்டேன். ஹார்ட்டும் போட்டேன். எனக்கு இப்பம் கண்ணு தெரியல. நீங்க கீழ போயி ஒண்ணு விடாம வாசிங்க. அந்தப் பயலுவ எழுதினதையும் வாசிச்சாத்தான் அது ஆம்புடும், வேற வழியில்ல. சங்கரன்கோவில்ல யாரு இருக்கிய? வீட்டச் சொல்லுதோம், கேளுங்க." சொல்லுங்க என்று பக்கத்து அம்மாவை இடித்தேன். பதினேழுல நாலு என்றாள். நெசவாளர் காலனி மூணாம் தெரு என்றது ஜெமீலா. ரேசன் கடைக்கு எதுத்தாப்ல மாடி என்றேன். பின்னால் இருந்து எட்டி, "ஊரு சங்கரன்கோவில்" என்றாள் அவள். விரலை எடுத்தேன். போய்விட்டது.

அதற்கப்புறம் மடியில் துடிப்பு இல்லை. எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் கீழே இறங்கி வாசிக்கிறார்கள். ஆயிரம் பேர் வாயைத் திறக்காமல் அந்த அழுக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள், கரூரில், சிங்கப்பூரில், அடுப்படியில் நின்றுகொண்டு. ஹேமலதாவும் வாசிப்பாள். தன்னைப் பற்றி எழுதினதைத் தானே. மைக்கில் என் பேர் வந்தது, தங்கபுஷ்பம், தங்கபுஷ்பம், ரெண்டாம் நம்பர். எழுந்திரிக்கவில்லை. போனை வைத்துக்கொண்டு உள்ளே போக விட மாட்டார்கள். பக்கத்து அம்மா முணுமுணுவென்று பதினேழுல நாலு, பதினேழுல நாலு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அனுப்பியாச்சே, இனி மறந்தாலும் பரவாயில்லை என்றேன். தலையை ஆட்டியிருப்பாள் போல, தோடு சத்தம் கேட்டது, ஆனால் நிறுத்தவில்லை. நர்ஸ் பிள்ளை வந்து, "தங்கபுஷ்பம் யாரு, கூப்புடுறது காதுல விழலையா, என்ன இங்க எல்லாரும் ஜெபம் பண்றீங்களா" என்றது. "ஆமா சிஸ்டர், அஞ்சு நிமிசம்" என்றது ஜெமீலா.

துடித்தது. அழுத்தினேன். சுகிர்தா டீச்சர் குரல். "கிடைச்சிட்டு புஷ்பம். வாசிக்கிறேன். அக்கா கதவ வெளிய பூட்டிட்டுப் போயிட்டாரு, சோறு இல்ல, இப்ப போனப் புடுங்க வந்துட்டாரு யாராச்சும் வாங்க. அவ்வளவுதான் எழுதியிருக்கா. அதுக்கு அடியில ஹார்ட்டு மட்டும் நாப்பதுக்கு மேல இருக்கு. என்னோடதும் இருக்கு புஷ்பம். நான் சொன்னதக் கேட்டுத்தான எல்லாரும்." உடனே இன்னொரு துடிப்பு. தெரியாத குரல், மூச்சு வாங்குகிறது, பின்னால் ஸ்கூட்டி. "அக்கா, நான் சங்கரன்கோவில் முருகலட்சுமி. போலீசுக்கும் சொல்லியாச்சு. அவுக வரட்டும், நான் போயிட்டிருக்கேன்." சோறு இல்ல என்று எழுதினவளுக்கு நாற்பது ஹார்ட்டு. கையைத் தொட்டுப் பார்க்கிறேன், சில்லிட்டுக் கிடக்கிறது. அழுகையாவது வரலாம். கன்னத்தில் வழிகிறது மருந்துதான், கசக்கிறது.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. ஆவுடையம்மாள் திரும்பி வந்தாள், இன்னொரு பேர் போனது, புளியோதரைப் பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்டது. வீடு மாறியிருந்தால். அவன் பொய் விலாசம் சொல்லியிருந்தால். அவன் முந்திக்கொண்டு போயிருந்தால். ஒவ்வொன்றாக நினைக்கிறேன், ஒவ்வொன்றும் வருகிறது, உட்காருகிறது, போகிறது, யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவர்கள் மாதிரி. துடித்தது. கட்டைவிரல் தானே போனது. சத்தத்தைக் கூட்டுங்க லாத்தா என்றது ஜெமீலா. வரிசை முழுக்க மூச்சைப் பிடித்தது எனக்குக் கேட்டது. "அக்கா, மாடிக்கு வந்துட்டேன். பூட்டுத் தொங்குது, பெரிய பூட்டு. ரேசன் கடை வரிசையில நின்ன பொம்பளைகளும் கூட வந்திருக்காக, மண்ணெண்ணெய்க் கேனோட நிக்காக. கேளுங்க." தட்டுகிற சத்தம். தட்டுகிறார்கள், பல கை தட்டுகிறது. "தாயி, கோகிலா, உள்ள இருக்கியா? மாடித்தோட்டத்துல இருந்து வந்திருக்கோம்." ஒன்றும் இல்லை. ஒரு தகரக் கேன் கீழே வைக்கிற சத்தம். யாரோ, ஊருக்குத்தான் போயிட்டாளோ என்கிறாள், இன்னொருத்தி அவளை உஸ் என்று அடக்குகிறாள். "கோகிலா, பூட்ட ஒடைக்கணும்னா ஒடைக்கோம். கல்லு எங்க கையில இருக்கு. ஆனா நீ சொல்லணும் தாயி. நீ சொல்லாம நாங்க ஒடைக்க மாட்டோம். சொல்லு." பதினேழுல நாலு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. போனுக்குள் காற்றுச் சத்தம். தூரத்தில் தறி. அப்புறம் கதவுக்கு ரொம்பக் கிட்டே, தரையோடு தரையாகப் படுத்திருந்து பேசுகிற மாதிரி, நான் ஒரே ஒருதரம் சிரிக்கக் கேட்ட அந்தக் குரல்.

"ஒடைங்க."